தனியா பிராக்டிஸா, ஆளோட மோதலா? ஃபைட்டிங் கேமில் ஜெயிக்க எதுக்கு எவ்வளவு நேரம்? - ஒரு விளக்கம்

2023 செப்டம்பர் மாதம், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' என்ற வீடியோ கேமுக்கான தங்கப் பதக்கத்தை வாங்க மேடை ஏறிய தென்கொரிய வீரர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. "இந்த வயசுல கேமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் வீழ்த்தியவர்களில் பலர், அவரைவிட ரொம்பவே இளையவர்கள். அதே போட்டியில் இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் ஆகிய இருவர் களமிறங்கினார்கள். பதக்கம் கிடைக்கவில்லை.

விரல் வேகம் மட்டும்தான் இந்த விளையாட்டு என்றால், 44 வயதுக்காரர் 20 வயதுக்காரர்களை ஜெயிக்க வழியே இல்லை. அப்போ ஜெயிக்க வைப்பது எது? தனி அறையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை ஒரே அடியைப் பழகுவதா? இல்ல, எதிரில் ஆள் வைத்து மோதிக்கிட்டே இருப்பதா? ஃபைட்டிங் கேம் ஆடுபவர்கள் எல்லா ஊரிலும் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் குமாரலிங்கபுரம் மாதிரி ஒரு கரிசல் கிராமத்தில் உட்கார்ந்து ஆடுகிற பையனுக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலானது. அவனுக்கு பயிற்சி அறை எப்பவும் இருக்கு. எதிராளிதான் இல்லை.

முதல்ல, இது என்ன வகை கேம்?

பப்ஜி மாதிரி நூறு பேர் இறங்குகிற கேம் இல்லை இது. திரையில் இரண்டே பேர். இருவருக்கும் ஒரு உயிர்க்கோடு. யாருடைய கோடு முதலில் காலியாகிறதோ அவர் தோற்றார். 'டெக்கன்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' எல்லாம் இந்த வகை.

2000-களில் பள்ளிக்கூடம் படித்த பலருக்கு 'டெக்கன் 3' ஞாபகம் இருக்கும். மணிக்கு இத்தனை ரூபாய் என்று வீடியோ கேம் கடையில் காசு கொடுத்து ஆடியது. அங்கே ஒரு எழுதப்படாத சட்டம் உண்டு: தோத்தவன் கன்ட்ரோலரைக் கொடுத்துட்டு எந்திரிக்கணும். எட்டி கோர்டோ என்ற கதாபாத்திரத்தை எடுத்து, காலைத் தூக்கிச் சுத்துற பட்டனை மாத்தி மாத்தி அழுத்தினால் தெருவில் பாதிப் பேரை ஜெயிச்சிடலாம். விவரம் தெரிந்த ஒரு அண்ணன் வந்து உட்காரும் வரைக்கும்தான் அந்த ராஜ்ஜியம். இந்த எட்டி கதையைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு வினாடியில் 60 துண்டு

இந்த கேம்களில் ஒரு வினாடி 60 படங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் பெயர் 'ஃபிரேம்'. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி வினாடி. எல்லா அடிகளுக்கும் ஃபிரேம் கணக்கு உண்டு. டெக்கனில் வேகமான சாதாரண குத்து 10 ஃபிரேமில் போய்ச் சேரும்.

மனிதக் கண் ஒன்றைப் பார்த்து, கை அதற்குப் பதில் தர சராசரியாக 200 முதல் 250 மில்லி வினாடி ஆகிறது. அதாவது 12 முதல் 15 ஃபிரேம். கணக்குப் போட்டுப் பாருங்க. 10 ஃபிரேம் குத்தை யாராலும் பார்த்துத் தடுக்க முடியாது. அது வரும் என்று முன்கூட்டியே நினைத்திருந்தால்தான் தடுக்க முடியும்.

ஆக, இந்த விளையாட்டில் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, கை செய்கிற வேலை. இன்னொன்று, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்கிற வேலை. முதலாவதைத் தனியாகப் பழகலாம். இரண்டாவதைத் தனியாகப் பழக முடியாது, ஏன்னா ஊகிக்க அங்கே ஆளே இல்லை.

சிலம்பம் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை. காலடியும் வீச்சும் தனியாக நின்று மாதக்கணக்கில் செய்கிற வேலை. எதிரில் ஒருத்தர் கம்போடு நிற்கும்போது, அதே கால் வேறு பக்கம் போகும். வாத்தியார் சொல்லித் தந்தது மறக்கவில்லை. அதை எப்போது எடுக்கணும்னு தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

தனிப் பயிற்சி எதுக்கு உதவும்?

சில விஷயங்களைத் தனியாகப் பழகாமல் கத்துக்கவே முடியாது. டெக்கனில் மிஷிமா குடும்பத்துக் கதாபாத்திரங்களுக்கு 'எலக்ட்ரிக்' என்று ஒரு அடி உண்டு. அதில் திசைக் குச்சியும் குத்து பட்டனும் ஒரே ஃபிரேமில் விழணும். அதாவது வினாடியில் 60-ல் ஒரு பங்கு. கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் சாதாரண அடிதான் வரும், எதிராளி தடுத்துவிட்டுத் திருப்பி அடிப்பான். இதை மேட்ச்சில் கத்துக்கிறேன்னு சொல்றது, ஓடுற பஸ்ஸில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி.

'கொரியன் பேக்டாஷ்' என்ற பின்வாங்கல் நடையும் இப்படித்தான். பின்னால் இரண்டு தட்டு, உடனே கீழ்ப்பின் மூலைக்கு ஒரு தட்டு, மறுபடி பின்னால். கை பழகிவிட்டால் மூளை அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. இதுதான் தனிப் பயிற்சியின் உண்மையான லாபம். கையைப் பற்றிய கவலை போனால்தான் கண் எதிராளியைப் பார்க்கும். கன்ட்ரோலரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர், எதிராளி என்ன செய்கிறான் என்று கவனிப்பதே இல்லை.

இன்னொரு பயன், திருப்பி அடிக்கும் பழக்கம். எதிராளியின் ஒரு அடியை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். அந்த அடியில் இருந்து அவர் நிமிர, நீங்கள் நிமிர்வதைவிட 10 ஃபிரேம் கூடுதலாக ஆகிறது என்றால், உங்கள் 10 ஃபிரேம் குத்து அவருக்கு நிச்சயம் விழும். தப்பிக்க முடியாது. இதை 'பனிஷ்' என்கிறார்கள். எந்த அடிக்கு எந்த பனிஷ் என்பது வாய்ப்பாடு மாதிரி. தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்யலாம், செய்யணும். கடையில் எட்டியை வைத்து ஆண்ட பையனை அந்த அண்ணன் ஜெயிச்சது இப்படித்தான். அந்தக் காலைத் தூக்கிச் சுத்துற அடிகளில் எதைத் தடுத்தால் எங்கே இடைவெளி கிடைக்கும்னு அவருக்குத் தெரியும்.

பயிற்சி அறை எங்கே ஏமாத்தும்?

2023 ஜூனில் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'-ல் 'டிரைவ் இம்பாக்ட்' என்று ஒரு பெரிய அடி இருக்கிறது. வந்து விழ 26 ஃபிரேம், அதாவது 433 மில்லி வினாடி ஆகும். மனித வேகத்துக்கு இது தாராளமான நேரம். பதிலுக்கு நீங்களும் அதே அடியைப் போட்டால் எதிராளிதான் விழுவார்.

பயிற்சி அறையில், பொம்மையை டிரைவ் இம்பாக்ட் போட வைத்துப் பழகினால் பத்துக்குப் பத்து முறை பதில் கொடுத்துவிடலாம். "அட, இதுல என்ன இருக்கு" என்று தோன்றும். மேட்ச்சுக்குப் போனால் அதே அடி முகத்தில் விழும். மறுபடியும் விழும்.

ஏன்? பயிற்சி அறையில் நீங்கள் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தீர்கள். மேட்ச்சில் எதிராளி தாவி வருவானா, கீழே உதைப்பானா, பிடித்துத் தூக்கி எறிவானா, தூரத்திலிருந்து நெருப்பு விடுவானா என்று மூளை நாலு கதவைக் காவல் காக்கிறது. ஐந்தாவது கதவு திறக்கும்போது கண் பார்க்கிறது, கை தாமதமாகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான்.

இன்னொரு ஏமாற்று, காம்போ. பொம்மையை முதல் அடி அடித்துவிட்டு, அந்தரத்தில் வைத்துத் தொடர்ந்து பத்து அடி அடிப்பது. பார்க்க அழகு, வீடியோ போட்டால் லைக் வரும். ஆனால் நகராமல் நிற்கும் பொம்மை மீது முதல் அடி தானாக விழுகிறது. நகர்கிற மனிதன் மீது அந்த முதல் அடியை எப்படி விழ வைப்பது? அதுதான் விளையாட்டின் பாதி. கல்யாணச் சமையல் கத்துக்கிட்டு அடுப்பு பத்த வைக்கத் தெரியாத கதையாகப் போய்விடும்.

இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு. பயிற்சிப் பொம்மைக்கு ஒரே ஒரு செயலைப் பதிவு செய்யாமல், ஐந்தாறு செயல்களைப் பதிவு செய்து, எது வரும் என்று தெரியாதபடி மாத்தி மாத்தி வரச் செய்வது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-லும் டெக்கன் 8-லும் இந்த வசதி இருக்கிறது. இதன் பின்னணியில் பழைய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 1979-ல் ஷியா, மோர்கன் என்ற இருவர் கை அசைவுகளைக் கற்பது பற்றிச் சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, முடித்த பிறகே அடுத்த அசைவுக்குப் போனவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். 10 நாள் கழித்துச் சோதித்தபோது முன்னேறி நின்றவர்கள், கலந்து பழகியவர்கள்தான். பயிற்சி சுலபமாக இருக்கிறதென்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

15 உதை, ஒரு கோடு உயிர்

இந்த வகை விளையாட்டில் அதிகம் பேசப்படும் தருணம் 2004-ல் அமெரிக்காவில் நடந்த 'இவோ' போட்டியில் வந்தது. ஜப்பானின் டைகோ உமேஹராவுக்கு உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலே சாகும் நிலை. எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், தொடர்ந்து 15 உதை விழும் பெரிய அடியை விட்டார். டைகோ ஒவ்வொன்றையும் 'பாரி' என்ற, சரியான நேரத்தில் முன்னோக்கித் தட்டினால் மட்டுமே வேலை செய்யும் தடுப்பால் தட்டிவிட்டு, திருப்பி அடித்து அந்த ரவுண்டை ஜெயித்தார்.

15 உதைகளின் தாளத்தைப் பழகியது தனிப் பயிற்சி. அந்த அளவில் ஆடுகிறவர்களில் வேறு சிலரும் அதைச் செய்யக்கூடும். ஆனால் முதல் உதைக்கான தட்டு, அடி கிளம்பும் நொடியிலேயே விழ வேண்டும். பார்த்துவிட்டுத் தட்டினால் நேரமாகிவிடும். இப்போ வாங் அந்த அடியை விட்டே தீருவார் என்று டைகோ ஊகித்திருக்க வேண்டும். அந்த ஊகம் பல வருடம் மனிதர்களோடு மோதியதில் இருந்து வருவது. அந்தச் சில வினாடியில் இரண்டு பயிற்சியும் சேர்ந்துதான் வேலை செய்தது.

லாகூர் சொன்ன பாடம்

நம்ம ஊருக்கு நெருக்கமான உதாரணம் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த 'இவோ ஜப்பான்' டெக்கன் 7 போட்டியை, உலக ரசிகர்களில் அநேகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு பாகிஸ்தான் இளைஞர் ஜெயித்தார். பெயர் அர்சலான் சித்திக். விளையாட்டுப் பெயர் அர்சலான் ஆஷ். ஊர் லாகூர். விசா, விமானச் சிக்கல்களில் அலைந்து, களைத்துப்போய் வந்து சேர்ந்தவர் அவர்.

அதே வருடம் ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த இவோ இறுதிப் போட்டியில், டெக்கன் உலகமே தலைவணங்கும் தென்கொரியாவின் 'நீ' என்கிற பே ஜே-மின்னையும் வீழ்த்தினார். ஒருத்தர் திடீரென்று வந்து ஜெயிப்பது விளையாட்டில் புதிதல்ல. ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். "எங்க ஊர்ல என்னை மாதிரி இன்னும் ஆட்கள் இருக்காங்க" என்கிற அர்த்தத்தில் அர்சலான் பேசியதைப் பலர் அடக்கம் என்று நினைத்தார்கள். நீ நேரில் பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்தார். அவர் சொன்னது உண்மை. பிறகு லாகூர் வட்டத்தில் வளர்ந்த ஆதிஃப் பட், 2022-ம் ஆண்டு டெக்கன் வேர்ல்டு டூரின் இறுதிப் போட்டியை ஜெயித்தார். அர்சலான் 2023, 2024-ல் மறுபடியும் லாஸ் வேகாஸ் இவோவை வென்றார்.

எப்படி முடிந்தது? அவர்களிடம் பெரிய பயிற்சி மையமோ, கொரியா ஜப்பானோடு ஒப்பிடக்கூடிய இன்டர்நெட்டோ இல்லை. இருந்தது கேம் கடை. அங்கே ஒரே ஆட்கள், வருடக்கணக்கில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நேருக்கு நேர் மோதிக்கொண்டே இருந்தார்கள். நேற்று வேலை செய்த தந்திரம் இன்று வேலை செய்யாது, ஏன்னா நேற்று தோற்றவன் ராத்திரி முழுக்க அதையே யோசித்துவிட்டு வந்திருப்பான். அவனுக்குப் பதில் சொல்ல நீங்கள் தனியாக உட்கார்ந்து புதிதாக ஒன்றைத் தயார் செய்யணும். தனிப் பயிற்சிக்கு வேண்டிய கேள்வியை எதிராளி கொடுக்கிறான், விடையைத் தனி அறை கொடுக்கிறது.

என்னைக் கேட்டால், லாகூரின் ரகசியம் "நிறைய ஆட்கள்" இல்லை, "அதே ஆட்கள்" என்பதுதான். ஆன்லைனில் ஒரு ராத்திரியில் முப்பது அந்நியர்களோடு ஆடலாம். ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவரும் நாளைக்கு உங்கள் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு திரும்பி வரப்போவதில்லை. அதனால் உங்கள் கெட்ட பழக்கம் அப்படியே தப்பித்துக்கொள்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

ஃபைட்டிங் கேமைவிட செஸ்ஸில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். 2005-ல் நீல் சார்னஸ் குழு வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் செஸ் தரத்தைக் கணிக்க மிகவும் உதவியது அவர் தனியாக உட்கார்ந்து தீவிரமாகப் படித்த நேரம்தான் என்று வந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்து ஆண்டில் கிட்டத்தட்ட 5,000 மணி நேரம் அப்படிச் செலவழித்திருந்தார்கள். இடைநிலை ஆட்டக்காரர்களைப் போல ஏறத்தாழ 5 மடங்கு.

"அப்போ தனிப் பயிற்சிதான் ஜெயிக்குது" என்று முடிவு கட்ட வேண்டாம். செஸ்ஸில் காய் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கு, யோசிக்க நேரமும் இருக்கு. உலகின் சிறந்த ஆட்டங்கள் எல்லாம் நகர்த்தல் நகர்த்தலாக எழுதப்பட்டிருக்கின்றன. தனியாகப் படிப்பது என்பதே பெரிய ஆட்டக்காரர்களோடு மானசீகமாக மோதுவதுதான். ஃபைட்டிங் கேமில் இருவரும் ஒரே நொடியில், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கிறார்கள். அதனால் மனிதரின் பங்கு இங்கே கூடுதல்.

செஸ்ஸிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2007-ல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கோபே, காம்பிடெல்லி ஆய்வில், 'மாஸ்டர்' நிலையை எட்ட ஒருத்தருக்கு 3,016 மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருத்தருக்கு 23,608 மணி நேரம் ஆனது. எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்கணும்.

நம்ம சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரை கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. விடையை மெஷின் சொல்லிவிட்டால், தானாகத் தேடும் பழக்கம் வராது என்பது அவர் கணக்கு. யூடியூபில் 'பெஸ்ட் காம்போ' வீடியோவைப் பார்த்துக் காப்பி அடித்துப் பழகும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குமாரலிங்கபுரத்தில் எதிராளிக்கு எங்கே போவது?

இப்போ நம்ம ஊர்ப் பிரச்னைக்கு வருவோம். ஆன்லைனில் ஆடலாமே என்பீர்கள். ஆடலாம். அங்கேயும் ஒரு சிக்கல்.

ஃபைபர் கேபிளில் வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நேர்கோட்டில் போனாலே போக மட்டும் 15 மில்லி வினாடி, ஏறக்குறைய ஒரு ஃபிரேம். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. கிராமத்தில் இருந்து சென்னை வரைக்கும் உள்ள தூரம் தனி. வீட்டு வைஃபையின் தடுமாற்றம் அதைவிடப் பெரிய தலைவலி. சிக்னல் ஒரு நொடி மூச்சு வாங்கினால் நாலைந்து ஃபிரேம் போச்சு.

இதைச் சமாளிக்க இப்போதைய கேம்கள் 'ரோல்பேக்' என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. எதிராளியின் பட்டன் தகவல் வந்து சேரும்வரை கேம் காத்திருக்காமல், "இப்போ செய்வதையே தொடர்வார்" என்று ஊகித்து ஓட்டிவிடும். ஊகம் தப்பானால் பின்னால் போய்த் திருத்திக் காட்டும். ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனால் இணைப்பு மோசமாக இருந்தால், எதிராளியின் அடியில் முதல் சில ஃபிரேம் உங்கள் கண்ணுக்கே தெரியாது, நடுவில் இருந்து அடி முளைக்கும். 26 ஃபிரேம் அடி 20 ஃபிரேம் அடியாகிவிடும். இப்படியே பழகினால், பார்த்துப் பதில் கொடுக்கும் பழக்கம் கெட்டு, குருட்டாம்போக்கில் தட்டுவது பழகிவிடும். போட்டி மேடையில் நேருக்கு நேர் உட்காரும்போது அது காலை வாரும்.

வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரில் இருந்து கேபிள் இழுப்பது, இதில் இருக்கிற மலிவான முன்னேற்றம்.

அதைவிட நல்ல வழி, ஊரிலேயே நாலு பேரைச் சேர்ப்பது. மெஷின் விலை அரை லட்சத்தைத் தொடுகிறது, ஆளுக்கு ஒன்று என்பது நடக்காத காரியம். ஆனால் ஒரு மெஷின், நாலு பேர் என்பது குறையே இல்லை, சொல்லப்போனால் அதுதான் லாகூர் முறை. இரண்டு பேர் ஆடும்போது இரண்டு பேர் பார்ப்பார்கள். "மாப்ள, நீ எந்திரிச்ச உடனே எப்பவும் குத்துற, அவன் அதுக்குத்தான் காத்திருக்கான்" என்று பின்னால் உட்கார்ந்திருப்பவன் சொல்வது, ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாத விஷயம். பழைய கம்ப்யூட்டர் என்றால் பழைய டெக்கனே போதும். செல்போன் மட்டும்தான் இருக்கு என்றால் 'பிராஹாலா' என்ற இலவச கேம் இருக்கிறது. அது வேறு பாணி என்றாலும், ஊகித்து ஆடும் பழக்கம் அதிலும் வரும்.

நாலு பேரில் ஒருத்தன் எல்லாரையும் ஜெயித்துக்கொண்டே இருந்தால்? அவனை ஒரே கதாபாத்திரத்தோடு ஆட விடாதீர்கள், தெரியாத ஒன்றைக் கொடுங்கள். மற்ற மூவரும் சேர்ந்து உட்கார்ந்து அவனை எப்படி மடக்குவது என்று பயிற்சி அறையில் தேடலாம். ஆளே கிடைக்காத ராத்திரிகளுக்கு, டெக்கன் 8-ல் 'கோஸ்ட்' என்ற வசதி உண்டு. ஒரு மனிதர் ஆடும் பாணியைக் கற்றுக்கொண்டு அவரைப் போலவே ஆடும் நிழல். மற்றவர்களின் நிழலை இறக்கியும் மோதலாம். மனிதருக்கு ஈடாகாது. நகராத பொம்மைக்கு எவ்வளவோ மேல்.

சரி, நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

பாதிக்குப் பாதி, எழுபதுக்கு முப்பது என்று ஒரு விகிதம் சொல்லிவிட்டால் சுலபம்தான். ஆனால் அது ஆளுக்கு ஆள், நிலைக்கு நிலை மாறும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில நாள் தனியாக இருந்து நடை, தடுப்பு, மூன்று நாலு நல்ல அடி, ஒரு சின்ன காம்போ, இவ்வளவு பழகினால் போதும். உடனே ஆட்களோடு ஆட ஆரம்பிக்கணும். "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வர்றேன்" என்று ஆறு மாதம் பயிற்சி அறையில் இருந்தவர்கள், வெளியே வந்த முதல் வாரத்தில் தோற்று, கேமையே விட்டுவிடுவது சகஜம். பயிற்சி அறை சில பேருக்குத் தோல்வியில் இருந்து ஒளிந்துகொள்ளும் இடம். இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை.

கொஞ்சம் தேறியவருக்குத்தான் தனிப் பயிற்சி அதிகம் தேவை. ஏன்னா இப்போதான் அவரிடம் கேள்விகள் இருக்கும். மில் வேலையோ தறி வேலையோ முடித்து வந்து ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 10, 15 நிமிடம் கையைச் சூடாக்க. அதற்கு மேல் முக்கால் மணி நேரம் ஆட்களோடு. முடித்ததும் உடனே அடுத்த மேட்ச்சுக்கு ஓடாமல், தோற்ற ஒரு ஆட்டத்தின் ரீப்ளேயைப் போட்டுப் பார்க்கணும். ஜெயித்த ஆட்டத்தைப் பார்ப்பது சுகம், தோற்றதைப் பார்ப்பதுதான் வேலை. அதில் எந்த ஒரே விஷயம் உங்களை அதிகம் காயப்படுத்தியது என்று கண்டுபிடித்து, மிச்ச நேரம் அந்த ஒன்றுக்கு மட்டும் பயிற்சி அறை. டெக்கன் 8-ல் ரீப்ளே ஓடும்போதே நடுவில் நிறுத்தி, கன்ட்ரோலைக் கையில் எடுத்து அதே இடத்தில் வேறு பதில் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். பத்துத் தப்பு தெரியும். பத்தையும் ஒரே ராத்திரியில் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.

நாலு பேர் கூடினால், மூன்று ஆட்டத்தில் முடித்து எழுந்துவிடாமல், முதலில் 10 வெற்றி யாருக்கு என்று நீளமாக ஆடிப் பாருங்கள். முதல் மூன்று ஆட்டத்தில் தந்திரம் ஜெயிக்கும். ஆறாவது ஆட்டத்துக்கு மேல் எதிராளி அதைப் படித்திருப்பான், நீங்கள் மாறியாக வேண்டும். எட்டியை வைத்து ஆண்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். போட்டி நெருங்கினால் இதைத் தலைகீழாக்கணும். அங்கே பெரும்பாலும் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் போதும், யோசிக்க நேரமே கிடையாது. கடைசி வாரத்தில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். முன்பின் தெரியாத ஆட்களோடு சின்னச் சின்ன ஆட்டமாக ஆடுவது நல்லது.

மணிக்கட்டோ கட்டை விரலோ வலித்தால், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வலியோடு பழகினால் வலிதான் பழகும்.

வீட்டுல என்ன சொல்றது?

"ரம்மி மாதிரி காசு வெச்சு ஆடுறதா இது?" என்பதுதான் அம்மா அப்பாவின் முதல் கேள்வி. இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, விளையாட்டாக அங்கீகரித்தது. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், பல விளையாட்டுகள் அடங்கிய போட்டிகளில் இ-ஸ்போர்ட்ஸைக் கவனிக்கும் பொறுப்பை மத்திய இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்திடம் அரசு ஒப்படைத்தது.

வேலைக்கு உத்தரவாதமா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்பதுதான் பதில். உலக அளவில் ஜெயிக்கும் சிலருக்குத்தான் பரிசும் ஸ்பான்சரும். படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இதில் இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது, வரவும் கூடாது. வேலை முடிந்த பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15 ஆகிய மூன்றும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன.